ராஸ்தா பேட்டையில் எங்கள் கோடை

கோடை பிறந்துவிட்டால் புனேத் தமிழர்கள் ஒருவரை ஒருவர் கண்டதும் கேட்கும் முதற்கேள்வி, "ஊருக்கு எப்போது?" என்பதுதான். உடம்பு சௌக்கியமா, குழந்தைகள் எப்படிப் படிக்கின்றன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வேறு வடிவத்தில் வரும். "தம்பி, காத்திருப்போர் பட்டியலில் நாற்பதாவது எண் விழுந்திருக்கிறது. இடம் கிடைக்குமா, கிடைக்காதா?" என்பார்கள். என் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்புகிறவர் மிகச் சிலரே.

நம்மவர்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததற்கும் ரயிலுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. புனேக்கு ரயில் வந்தது 1858-இல். பம்பாய்க்கும் புனேக்கும் இடையே நிற்கும் மலைத்தொடரைக் குடைந்து இருப்புப்பாதை அமைத்து முடித்தது 1863-இல். பம்பாயிலிருந்து தெற்கே வந்த பாதையும் சென்னையிலிருந்து வடக்கே வந்த பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் கைகோத்துக்கொண்டன. அந்தக் கைகோப்பு நிகழாதிருந்தால், தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த என் தாத்தா, 1958-இல் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு படுக்கைச் சுருளோடும் இங்கே வந்து இறங்கியிருக்க மாட்டார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். ஜாகை ராஸ்தா பேட்டையில். அப்பா பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான், நானும் அப்படியே.

ஊருக்குப் போன கோடைகளைப் பற்றி எழுதுவோர் பலர் உண்டு. ஆற்றில் குளித்ததும், ஆச்சி கையால் பழைய சோறு உண்டதும், நுங்கும் பதநீரும் பருகியதும் படிக்கத் தித்திப்பாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலோ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை போனாலே பெரிய காரியம். அப்பாவும் ரயில்வே ஊழியர். ஊரெல்லாம் ரயிலேறும் காலத்தில் ரயில்காரனுக்கு விடுப்பு ஏது? இலவசப் பிரயாணச் சீட்டு பெட்டிக்குள் இருக்கும். விடுப்புக் கேட்ட காகிதம் திரும்பி வரும். ஆகவே நான் எழுதப்போவது ஊருக்குப் போகாத கோடைகளைப் பற்றியே.

புனேயின் பழைய பகுதிகளுக்குப் பேட்டைகள் என்று பெயர். பலவற்றுக்குக் கிழமைகளின் பெயரே சூட்டியிருக்கிறார்கள். சோமவாரம், மங்களவாரம், புதவாரம் என்று வாரம் முழுவதையும் ஒரே நாளில் நடந்து முடித்துவிடலாம். எங்கள் பேட்டைக்குக் கிழமை கிடைக்கவில்லை. பேஷ்வாக்களின் காலத்துப் பிரபுக்களான ராஸ்தே குடும்பத்தின் பெயர் கிடைத்தது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரமே. அதனாலோ என்னவோ தென்னாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பலவும் பெட்டியை இறக்கி வைத்த இடம் அதுவாயிற்று.

நாங்கள் குடியிருந்தது ஒரு வாடாவில். வாடா என்றால் நாற்புறமும் வீடுகள் சூழ்ந்து நடுவில் முற்றம் அமைந்த பழைய மாளிகை. பேஷ்வாக்களின் சனிவார் வாடா 1732-இல் எழுந்தது; 1828-இல் தீக்கிரையாகி, இன்று மதிலும் வாயிலும் அடித்தளமுமே எஞ்சியிருக்கின்றன. எங்களுடையது அவ்வளவு பெருமை வாய்ந்ததன்று. கல் அடித்தளம், செங்கற் சுவர், தேக்கு மரத் தூண்கள், முற்றத்தின் நடுவே ஒரு துளசி மாடம். ஒரு காலத்தில் ஒரே குடும்பம் வாழ்ந்த இடத்தில் நாங்கள் 11 குடும்பங்கள் வாடகைக்கு இருந்தோம். குழாய் ஒன்று. மொட்டை மாடி ஒன்று. மொட்டை மாடியை மராட்டியில் கச்சி என்பார்கள். தாத்தா வந்த புதிதில், "கச்சிக்குப் போயிருக்கிறார்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காஞ்சீபுரத்துக்குத்தான் போயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாராம்!

புனேயின் கோடையை நம்மூர்க் கோடையோடு ஒப்பிட முடியாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. பகலில் வெயில் காய்ச்சி எடுக்கும். ஆனால் வேர்வை பெருகாது. உதடு வெடிக்கும், துணி அரைமணியில் உலர்ந்துவிடும். இரவில் பெரும்பாலும் ஒரு குளிர்ந்த காற்று வந்து தலையைத் தடவும். நமக்குக் கத்திரி தொடங்கும் மே மாதத் தொடக்கத்திலேயே இங்கே மாலைகளில் இடியும் மின்னலுமாக மழை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். அதற்கு வளீவ் என்று பெயர். சில சமயம் ஆலங்கட்டியும் விழும். ஜூன் இரண்டாவது வாரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து கோடையைத் துடைத்துவிடும். ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய் கவர்னர் கோடைக்கு மகாபலேசுவரத்துக்கும் மழைக்காலத்துக்குப் புனேக்கும் வந்து தங்குவார். கவர்னருக்குப் பிடித்தது மழைக்காலம். எங்களுக்குப் பிடித்தது கோடைதான். பள்ளிக்கூடம் இல்லை அல்லவா!

காலை 5 மணிக்கு, "பாணீ ஆலே!" என்ற குரலோடு எங்கள் கோடை நாள் தொடங்கும். தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள். அந்தக் குரல் கீழ்வீட்டு ஆஜியுடையது. ஆஜி என்றால் பாட்டி. ஊரில் எங்களுக்கு ஓர் ஆச்சி. இங்கே ஓர் ஆஜி. ஓரெழுத்து மாறியதே தவிர அதட்டலில் மாற்றமில்லை. குரல் கேட்டதும் மாடிப்படிகளில் பித்தளைக் குடங்களும் ஹண்டாக்களும் இடித்துக்கொண்டு இறங்கும். 7 மணிக்குக் குழாய் நின்றுவிடும். அதற்குள் 11 குடும்பங்களும் குடிக்க, குளிக்க, துவைக்கப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய பேச்சு எழுந்தால் ஆஜி 1961-க்குப் போய்விடுவார். அவ்வாண்டு ஜூலை 12-இல், கட்டி முடியும் தறுவாயில் இருந்த பான்ஷேத் மண் அணை உடைந்தது. அந்த வெள்ளம் கீழே இருந்த பழைய கடக்வாசலா அணையையும் உடைத்துக்கொண்டு முட்டா நதி வழியே நகரத்துக்குள் புகுந்தது. கரையோரப் பேட்டைகளில் வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்தன. எங்கள் பேட்டை மேட்டில் இருந்ததால் தப்பியது. நாராயண் பேட்டையிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் வாடாவில் பல வாரம் தங்கியிருந்தனவாம். அப்போது ஆஜி சிறு பெண். "ஊரெல்லாம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. பழைய கிணறுகளைத் தேடிப் போனோம்" என்பார். நகரத்துக்குத் தண்ணீர் தந்த அணையே போய்விட்ட பிறகு குழாயில் என்ன வரும்? அந்த நாட்களில் என் பாட்டி ஒரே உலையில் மூன்று குடும்பத்துக்குச் சோறு வடித்தாள் என்பதை ஆஜி சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.

பகல் 10 மணிக்கு மேல் அரசாட்சி கச்சிக்கு மாறும். கோடை முழுவதும் அங்கே ஏதேனும் உலர்ந்துகொண்டே இருக்கும். மராட்டியப் பெண்கள் குர்டயி பிழிவார்கள். கோதுமையை மூன்று நாள் ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, தெளியவைத்து, அந்த மாவைக் கிளறிக் கூழாக்கிச் சேமியாவைப் போல் வட்டம் வட்டமாகப் பிழிந்து உலர்த்துவதே குர்டயி. அந்தச் சூடான கூழுக்குச் சீக் என்று பெயர். அதில் பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். அதற்காகவே விடியற்காலையில் எழுந்து காத்திருப்போம். அம்மா செய்வது நம்மூர்க் கூழ்வற்றல். அரிசிமாவையும் ஜவ்வரிசியையும் கிளறி, பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சஞ் சாறு சேர்த்து, பழைய வேட்டியை விரித்துப் பிழிவாள். ஒரு மூலையில் குர்டயி, மறு மூலையில் வற்றல். ஆஜி எங்கள் கூழைச் சுவைத்து, "காரம்" என்று முகம் சுளிப்பார். அம்மா அவர்கள் சீக்கைச் சுவைத்து, "உப்பில்லை" என்பாள். மறு ஆண்டும் இருவரும் அதையே சுவைத்து அதையே சொல்வார்கள்.

கச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. யார் வகுத்தது என்று தெரியாது; மீறினவர் இல்லை. இடி கேட்டால் மேலே யார் இருக்கிறாரோ அவர் எல்லாருடைய துணியையும் தூக்க வேண்டும். தன்னுடையதை எடுத்துக்கொண்டு இறங்கிவிடக் கூடாது. பேசாதவர் வீட்டுத் துணியாயினும் தூக்க வேண்டும். வளீவ் மழை முன்னறிவிப்போடு வருவதில்லை ஆதலால் இந்தச் சட்டம் இல்லாவிட்டால் அந்த வாடாவில் ஒருவருக்கும் வற்றல் மிஞ்சியிராது.

அண்டை அயலார் வீட்டுப் பழக்கங்களைக் கூர்ந்து பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடுவது புலப்படும். நாம் சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி உண்கிறோம். அவர்கள் குடி பாட்வா என்னும் புத்தாண்டன்று வேப்பந்தளிரை வெல்லத்தோடு மெல்கிறார்கள். நமக்கு ஸ்ரீராம நவமிக்குப் பானகமும், மாங்காய் சேர்த்த கோசுமல்லியும். அவர்களுக்குச் சைத்திர மாதத்தில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும் நாளில் பன்ஹேயும் மாங்காய்ப் பருப்பும். பன்ஹே என்பது வெந்த மாங்காயின் சதையை வெல்லத்தோடு கரைத்து ஏலம் இட்ட பானம். அவர்கள் ஊறவைத்த கடலைப் பருப்பை அரைத்து மாங்காய்த் துருவலோடு தாளிக்கிறார்கள். நாம் ஊறிய பயற்றம் பருப்பை அரைக்காமலே சேர்க்கிறோம். வெயில் ஒன்று, மாங்காய் ஒன்று, தாகமும் ஒன்று. இரு தேசத்துக் கிழவிகளும் தனித்தனியே உட்கார்ந்து யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த மஞ்சள் குங்கும நாளன்று ஆஜியின் வீடு பெண்களால் நிரம்பிவிடும். கௌரியை அலங்கரித்து வைத்திருப்பார்கள். மருமகள் வாசலில் நின்று வரவேற்பாள். அம்மாவும் பட்டுப் புடவை உடுத்திப் போவாள். ஆஜி மட்டும் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார். விடியற்காலையிலிருந்து பருப்பை அரைத்ததும், மாங்காயைத் துருவியதும், இரண்டு பெரிய பாத்திரம் நிறையப் பன்ஹே கரைத்ததும் அவர்தான். ஆயினும் கூடத்தில் அவரைக் காணமுடியாது. சிறுவனாக இருந்த எனக்கு அதன் காரணம் தெரியவில்லை. ஆஜி கைம்பெண் என்பதும், அந்த விசேஷத்துக்குக் கைம்பெண்களை அழைப்பதில்லை என்பதும் பின்னாளில்தான் விளங்கின.

மாலையில் சில நாட்கள் பர்வதி மலைக்குப் போவோம். 1749 வாக்கில் நானாசாகேப் பேஷ்வா அங்கே கோயில் எடுப்பித்தார். நூற்றுச் சொச்சம் படிகள். மேலே நின்றால் நகரம் முழுவதும் தெரியும். தேவதேவேசுவரர் சந்நிதியோடு விஷ்ணுவுக்கும் கார்த்திகேயருக்கும் அங்கே தனிக் கோயில்கள் இருக்கின்றன. முதன்முறை போனபோது அம்மா முருகனைக் கண்ட மகிழ்ச்சியில் ஓடினாள். ஆஜி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கார்த்திகேயர் பிரமசாரி; பெண்கள் அவரைத் தரிசிப்பதில்லை என்பது இந்நாட்டு வழக்கம். "பிரமசாரியா? எங்கள் ஊரில் அவருக்கு இரண்டு மனைவியர்!" என்றாள் அம்மா. ஆஜி சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் தெற்கே போன பிறகுதான் அவருக்குப் புத்தி வந்திருக்கிறது" என்றார். இறங்கும் வழியெல்லாம் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அடிவாரத்தில் ரஸவந்தி என்னும் கரும்புச் சாற்றுக் கடை. சக்கரத்தில் கட்டிய சலங்கை ஜல் ஜல் என்று ஒலிக்கும். முன்பு மாடு சுற்றிய காலத்துச் சலங்கை. இயந்திரம் வந்த பிறகும் பல கடைகளில் அதைக் கழற்றவில்லை. ஒலி நின்றால் வாடிக்கை குறைந்துவிடும் போலும்.

மாம்பழம் இல்லாமல் கோடை ஏது? இங்கே ராஜா ஹாபூஸ். கொங்கணத்து ரத்னாகிரியிலிருந்தும் தேவ்கடிலிருந்தும் மரப்பெட்டிகளில் வைக்கோலுக்குள் படுத்து வரும். எடை போட மாட்டார்கள், டஜன் கணக்கு. விலை கேட்டால் கும்பிட்டுவிட்டு நடக்கத் தோன்றும். அப்பா ஆண்டுக்கு ஒரே ஒரு டஜன், அக்ஷய திருதியை அன்று வாங்கி வருவார். 12 பழம், ஐந்து பேர். பங்கீட்டைப் பாட்டி நடத்துவாள். அவள் பங்கு எப்போதும் கொட்டைதான். நல்ல பங்கனப்பள்ளிக்கு இது ஈடாகுமா என்று அம்மா ஆண்டுதோறும் கேட்பாள். கேட்டுக்கொண்டே தன் துண்டத்தைத் தோல் வரையில் சுரண்டிவிடுவாள்.

2003-ஆம் ஆண்டுக் கோடையை மட்டும் நான் தனியே சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு பாட்டி காலமாகிவிட்டாள். நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். ஏப்ரலில் குழாயடியில் ஒரு சண்டை மூண்டது. வரிசையில் ஆஜியின் ஹண்டா முதலில் இருந்தது. பால் பொங்குகிறது என்று அவர் உள்ளே போனார். தண்ணீர் வீணாகிறதே என்று அம்மா எங்கள் குடத்தை வைத்துவிட்டாள். திரும்பி வந்த ஆஜி, "வெளியூர்க்காரர்களுக்கு வரிசை தெரியாது" என்று சொல்லிவிட்டார். 45 ஆண்டுகளாக இதே வாடாவில் இருக்கும் குடும்பம் எங்களுடையது என்று அம்மா மராட்டியிலேயே பதில் சொன்னாள். மராட்டியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண், பெண், அலி என்று மூன்று பால் உண்டு. கோபத்தில் அம்மாவுக்குக் குடம் ஆணாயிற்று, தண்ணீர் பெண்ணாயிற்று. குழாயடியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சண்டையைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. அவ்வாண்டு மஞ்சள் குங்குமத்துக்கும் அம்மா போகவில்லை.

மே மாதம் இரண்டாவது வாரம். காலையில் அம்மா வற்றல் பிழிந்து கச்சியில் போட்டுவிட்டு இறங்கினாள். 11 மணி இருக்கும். அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர் ஓடிவந்தார். வேலையில் இருக்கும்போதே அப்பாவுக்கு மார்பு வலி கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

ஊருக்குத் தந்தி போல் தொலைபேசிச் செய்தி போயிற்று. சித்தப்பா கிடைத்த ரயிலில் ஏறினாலும் வந்து சேர இரண்டு இரவுகள் ஆகும். கோடையில் அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது. உறவென்று சொல்லிக்கொள்ள அந்த நகரத்தில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. வாடாவின் ஆண்கள் வந்தார்கள். மூங்கில் கட்டியவர் எதிர்வீட்டுத் தையற்காரர். தோள் கொடுத்தவர்களில் நால்வர் மராட்டியர், ஒருவர் கன்னடியர், இருவர் நம்மவர். புனேயில் பெரிய மயானத்துக்கு வைகுண்டம் என்றே பெயர். அங்கே 15 வயதில் நான் கொள்ளி வைத்தேன். திரும்பும்போது வளீவ் மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை 5 மணிக்கு, "பாணீ ஆலே!" என்ற குரல் எழவில்லை. குழாயடியில் பாத்திரங்களின் ஓசை மட்டும் கேட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலில் எங்கள் பீப்பாய் நிரம்பி, மேலே தட்டு மூடியிருந்தது. பதினாறு நாளும் அப்படியே. 60 வயதுக் கிழவி குடம் குடமாக மாடிப்படி ஏறி ஊற்றியிருக்கிறார். எங்கள் வீட்டு அடுப்புப் புகையாத நாட்களில் பாக்ரியும் பருப்பும் வந்தன. கொண்டு வந்தவள் மருமகள். அனுப்பியவர் யார் என்று அம்மா கேட்கவில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் ஆஜி மேலே வந்தார். கையில் ஒரு தகர டப்பா. அம்மாவின் முன்னே வைத்து, "உன்னுடைய வற்றல். மூன்று வெயில் காய்ந்திருக்கிறது. உப்புத்தான் கொஞ்சம் குறைவு" என்றார். அன்று மாலை இடி கேட்டபோது மழைக்கு முன்னே ஓடிப்போய்த் துணியோடு தூக்கியிருக்கிறார். மறுநாளும் அதன் மறுநாளும் தம் வீட்டு முறத்தில் போட்டுக் காயவைத்திருக்கிறார். அம்மா டப்பாவைப் பார்த்தாள். அதுவரையில் வாய்விட்டு அழாதவள் அன்றுதான் அழுதாள். ஆஜி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வேறொன்றும் பேசவில்லை.

ஜூன் மாதத்தில் மழை பிடித்தது. என் தேர்வு முடிவும் வந்தது. தேறிவிட்டேன் என்று சொன்னதும் ஆஜி என் வாயில் சர்க்கரை இட்டார். மேலே படிக்க வசதியில்லை. 18 வயது நிரம்பிய பின், அப்பா பணியில் இறந்தமையால் கருணை அடிப்படையில் எனக்கு ரயில்வேயில் கடைநிலை வேலை கிடைத்தது. பிறகு இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானேன்.

மறு ஆண்டுச் சைத்திரத்தில் மஞ்சள் குங்கும நாள் வந்தது. கீழே வளையல் ஒலியும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. அம்மா வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படியில் மெல்ல யாரோ ஏறிவரும் ஓசை. ஆஜி இரண்டு தம்ளர் பன்ஹேயும் ஒரு கிண்ணம் மாங்காய்ப் பருப்பும் எடுத்து வந்திருந்தார். "கச்சிக்கு வா, அங்கே காற்று வருகிறது" என்றார். இருவரும் மேலே போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அதைக் குடித்தார்கள். அத்தனை ஆண்டுகள் சமையலறையில் தனியே இருந்தவருக்கு அன்று துணை கிடைத்தது என்று சொல்வதா, அம்மாவுக்குத் துணை கிடைத்தது என்று சொல்வதா? நான் படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு அரவமின்றி இறங்கிவந்தேன்.

அந்த வாடா இப்போது இல்லை. புனேயின் பழைய வாடாக்கள் பல போன வழியிலேயே 2016-இல் அதுவும் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடமாகிவிட்டது. 11 குடும்பங்களும் 11 திசையில் பிரிந்தன. ஆஜி நகரத்தின் மறுகோடியில் தாயரியில் மகனோடு இருக்கிறார். 80 வயதைத் தாண்டிவிட்டார். நாங்கள் கோர்பாடியில் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டுக்கு வீடு குழாய். வரிசை இல்லை, சண்டையும் இல்லை. ஆண்டுதோறும் சைத்திரத்தில் அம்மா ஒரு டப்பா வற்றலோடு இரண்டு பஸ் மாறித் தாயரிக்குப் போவாள். திரும்பி வரும்போது அதே டப்பாவில் குர்டயி இருக்கும். "உப்பில்லை" என்று சொல்லிக்கொண்டே பொரிப்பாள்.

சென்ற மே மாதத்தில் அம்மா குடியிருப்பின் மாடியில் வற்றல் போட்டாள். கடையில் கிடைப்பதற்கு இவ்வளவு சிரமம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். ஆனால் பிழிவதற்குக் கூடவே உட்கார்ந்தாள். அன்று பிற்பகல் எல்லாரும் வெளியே போயிருந்தோம். நான் அலுவலகத்தில் இருக்கும்போதே வானம் இருண்டு இடித்தது. வற்றல் போயிற்று என்று நினைத்தேன். மாலையில் வீடு திரும்பியபோது, கீழ்வீட்டில் குடியிருக்கும் பீகார்க்காரப் பெண் தன் கூடத்தில் மின்விசிறியைச் சுழலவிட்டு, எங்கள் வேட்டியை விரித்து வற்றலை ஆறப் போட்டிருந்தாள். வந்து ஆறு மாதமே ஆன குடும்பம். "அம்மாஜி, இது என்ன பண்டம் என்று தெரியவில்லை, நனையக் கூடாது என்று மட்டும் தோன்றியது" என்றாள். எங்கள் வாடாவின் சட்டம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நம் சங்கத்து அன்பர்கள் பலர் இவ்வாண்டும் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். போய் வாருங்கள், ஆச்சி தாத்தாவைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். புறப்படும்போது பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு போங்கள். திரும்பும்போது திருநெல்வேலி அல்வாவோ மணப்பாறை முறுக்கோ அவர்களுக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள். இடம் கிடைக்காமல் நின்றுவிட்டவர்கள் மனம் வருந்த வேண்டாம். மாடியில் ஒரு துணியை விரித்து ஏதேனும் உலரப் போடுங்கள். பக்கத்தில் எவருடையதேனும் உலர்ந்துகொண்டிருந்தால், இடி கேட்டதும் அதையும் சேர்த்துத் தூக்குங்கள்.